வண்டிக்குத் தட்டுப்பாடான நேரத்தில் சின்ன கிராஸ்ஓவர் வாங்குவது: தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் கேள்விகள்

ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்), பிரிட்டோரியா, டர்பன் பக்கம் புது வண்டி வாங்கப் போகிற நம் ஆட்கள் கேட்பது ஏறக்குறைய எப்போதும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் கார் விற்பவனும் இல்லை, வங்கிக்காரனும் இல்லை. வாங்கப் போகிறவர்களோடு துணைக்குப் போய் ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த ஆள், அவ்வளவுதான். அப்படிப் பார்த்ததில் தெரிந்தது ஒன்றுதான்: சரக்கு குறைவாக இருக்கும்போது வண்டியின் விலையில் யாரும் இறங்கி வர மாட்டார்கள், ஆனால் அந்த விலையைச் சுற்றி ஒட்ட வைக்கிற மற்ற எல்லாவற்றிலும் பேச இடம் இருக்கிறது.

சின்ன கிராஸ்ஓவர் என்றால் எந்த வண்டிகள்?

கார் மாதிரி ஓடும், கொஞ்சம் உயரமாக நிற்கும், ஐந்து பேர் உட்காரலாம். சுஸூகி ஃப்ரான்க்ஸ், அதையே டொயோட்டா வேறு முகத்தோடு விற்கும் ஸ்டார்லெட் கிராஸ், நிசான் மேக்னைட், ரெனால்ட் கைகர், கியா சோனெட், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ எல்லாம் கீழ்த்தட்டு. கொஞ்சம் மேலே போனால் ஃபோக்ஸ்வாகன் டி-கிராஸ், செரி டிகோ 4 ப்ரோ, ஹவால் ஜோலியன், சுஸூகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா கொரோலா கிராஸ். பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும், இதை நினைவில் வையுங்கள்.

நான் கேட்கிற வண்டி, கேட்கிற நிறத்தில் ஏன் கிடைப்பதில்லை?

காரணம் ஒன்றல்ல. 2021-இல் உலகம் முழுக்க சிப் பற்றாக்குறை வந்தது. அது ஆறுவதற்குள் 2022 ஏப்ரலில் டர்பனில் பெரிய வெள்ளம். ப்ரோஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. கொரோலா கிராஸ், ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் எல்லாம் அங்கேதான் தயாராகின்றன, அதனால் நாடு முழுக்கக் காத்திருப்புப் பட்டியல் நீண்டது. அந்தச் சமயத்தில் பழைய கொரோலா கிராஸுக்குக் கேட்ட விலையைப் பார்த்துத் தலை சுற்றாதவர்கள் குறைவு.

இன்னொன்று, நம் மலிவு கிராஸ்ஓவர்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வருபவை. எந்த மாடல், எந்த நிறம், எத்தனை என்று பல மாதங்களுக்கு முன்பே இறக்குமதி செய்பவர் எழுதிக் கொடுத்துவிட்டார். திடீரென்று ஒரு மாடல் சூடு பிடித்தால் அடுத்த கப்பல் வரும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மேல், இந்த நாட்டில் பழைய கார்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விற்க அனுமதி இல்லை. ஆகவே ஜப்பானிலிருந்து பழைய வண்டி வந்து குவிந்து விலையை இறக்கும் என்கிற வாய்ப்பும் இங்கே கிடையாது.

அப்படியானால் காத்திருப்பதா, கிடைத்ததை எடுப்பதா?

கையில் ஓடுகிற வண்டி இருந்தால் காத்திருங்கள். இல்லாவிட்டால் மாடலை மட்டும் பிடித்துக்கொண்டு நிறத்தையும் உயர்தர ட்ரிம்மையும் (ஒரே மாடலில் வசதிகள் கூடிய வகை) விட்டுக்கொடுங்கள். வெள்ளையும் சாம்பலும் சீக்கிரம் கிடைக்கும். இரட்டை நிறக் கூரைக்காக நாலு மாதம் ஊபரில் போய்வருவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம், உங்கள் ஊர் டீலரை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க், ப்ளூம்ஃபோன்டைன், போலோக்வானே மாதிரி நகரங்களின் ஷோரூம்களில், ஜோபர்க்கின் சாண்ட்டனில் இல்லாத வண்டி சும்மா நிற்பதுண்டு. போனில் கேளுங்கள், கொண்டுவந்து தர என்ன செலவு, அதை யார் ஏற்பது என்று அப்போதே முடித்துவிடுங்கள்.

விலையில் கொஞ்சம்கூடக் குறைக்க மாட்டார்களா?

வரிசையில் நாலு பேர் நிற்கும் மாடலுக்குக் குறைக்க மாட்டார்கள், அதில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். விற்பனையாளர் தரும் கொட்டேஷனில் வண்டி விலைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கேதான் விளையாட்டு. "ஆன் த ரோடு" கட்டணம், டெலிவரி கட்டணம், நிர்வாகக் கட்டணம், நம்பர் பிளேட், மைக்ரோடாட் (திருட்டு வண்டியைக் கண்டுபிடிக்க வண்டி முழுக்கத் தெளிக்கும், அடையாள எண் கொண்ட நுண்புள்ளிகள்), பெயின்ட் பாதுகாப்பு, கண்ணாடியை உடைத்துப் பறிப்பதைத் தடுக்க ஒட்டும் ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம், டயர்-ரிம் இன்சூரன்ஸ், சின்னக் கீறல்களுக்கு ஒரு இன்சூரன்ஸ், ட்ராக்கர் என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னத் தொகை. எல்லாம் சேர்ந்து கடனுக்குள் போய் உட்கார்ந்து, ஆறு வருடம் வட்டியோடு வளரும்.

இதில் பதிவுக் கட்டணமும் கண்ணாடியில் ஒட்டும் வருடாந்திர லைசென்ஸ் டிஸ்க்கும் உண்மையான செலவு. மைக்ரோடாட்டும் சட்டப்படி தேவை, 2012 செப்டம்பருக்குப் பிறகு பதிவாகும் புது வண்டி எல்லாவற்றிலும் இருக்க வேண்டும், பல கம்பெனிகள் தொழிற்சாலையிலேயே அடித்து அனுப்பிவிடுகின்றன, அதனால் "இதற்குத் தனியாக ஏன் பணம்?" என்று கேட்கலாம். ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் ஜோபர்க், டர்பன் ரோபோக்களில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) நிற்பவர்களுக்கு உண்மையிலேயே தேவைதான், ஆனால் வெளியே கண்ணாடிக் கடையில் ஒட்டினால் என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். பெயின்ட் பாதுகாப்பை நான் என் காசில் வாங்க மாட்டேன்.

"இந்தப் பேக்கேஜ் எடுத்தால்தான் வண்டி" என்று சொன்னால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-இல் வந்தது, 2011-இல் நடைமுறைக்கு வந்தது) 13-ஆம் பிரிவு, ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் கட்டாயம் வாங்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி காட்டியிருக்கும் விலைக்கு மேல் கேட்கக் கூடாது, அப்பட்டமான எழுத்துப்பிழை என்றால் தவிர. சண்டை போட வேண்டாம். "இந்த அயிட்டங்களை எடுத்துவிட்டு இன்னொரு கொட்டேஷன் ஈமெயிலில் அனுப்புங்கள்" என்று சிரித்தபடி சொல்லுங்கள். எழுத்தில் கேட்டவுடனே பாதி அயிட்டங்கள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தில் மாதம் 4,000 ராண்ட்தான் என்கிறார்களே?

விளம்பரத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பலூன், முன்பணம், 72 மாதம் என்று மூன்றும் அங்கே ஒளிந்திருக்கும். பலூன் என்றால் கடனில் ஒரு பகுதியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளி வைப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

4 லட்சம் ராண்ட் வண்டி, 11% வட்டி, 72 மாதம், முன்பணம் இல்லை, பலூன் இல்லை என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 7,614. மொத்தம் கட்டுவது 5.48 லட்சம். அதே வண்டிக்கு 30% பலூன் வைத்தால் தவணை 6,430-க்கு இறங்கும், அதாவது மாதம் 1,184 மிச்சம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வருடம் கட்டி முடித்த பிறகும் 1.2 லட்சம் பாக்கி நிற்கும், மொத்தத்தில் 5.83 லட்சம் போயிருக்கும். பலூன் இல்லாமல் 40,000 முன்பணம் கட்டினால் தவணை 6,852, முன்பணத்தையும் சேர்த்து மொத்தம் 5.33 லட்சம். ஊரில் சீட்டுப் போட்ட பணமோ போனஸோ இருந்தால் முன்பணத்துக்குப் போடுங்கள்.

பலூன் வைத்தவர்கள் கடைசியில் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் அந்த 1.2 லட்சத்துக்கு மறுபடி கடன் வாங்குகிறார்கள், அல்லது வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொரு பலூனோடு புது வண்டி எடுக்கிறார்கள். சந்தையில் தட்டுப்பாடு இருக்கும்போது பழைய வண்டிக்கு நல்ல விலை. ஆறு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

வங்கிக் கடனை நானே பார்ப்பதா, டீலர் மூலமாகவா?

இரண்டும். முதலில் உங்கள் சம்பளம் விழும் வங்கியில் முன்-ஒப்புதல் வாங்குங்கள். அப்புறம் டீலரின் எஃப் அண்ட் ஐ (கடன், இன்சூரன்ஸ் பார்க்கும்) மேசையில் உட்காருங்கள், அவர்கள் உங்கள் விண்ணப்பத்தை வெஸ்பேங்க், எம்எஃப்சி, ஆப்சா, ஸ்டாண்டர்ட் பேங்க் என்று பல இடங்களுக்கு அனுப்புவார்கள். எஃப் அண்ட் ஐ ஆள் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனாலும் கடனிலும் கூடவே விற்கும் இன்சூரன்ஸிலும் அவருக்குக் கமிஷன் உண்டு. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வட்டி விகிதம் இருந்தால் அதைவிடக் குறைத்துக் காட்ட வேண்டிய வேலை அவருடையது.

இங்கே வட்டியைப் பிரைமோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். பிரைம் என்பது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) மேல் 3.5 புள்ளிகள். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை பிரைம் 11.75%-இல் நின்று எல்லோரையும் வதைத்தது, பிறகு இறங்கத் தொடங்கியது. "பிரைம் பிளஸ் ஒன்றா, மைனஸ் அரையா" என்று கேளுங்கள். அரைப் புள்ளி சின்னதாகத் தெரியும், ஆறு வருடத்தில் அது வண்டிக்கு நாலு புது டயர்.

தேசியக் கடன் சட்டத்தில் நமக்குச் சாதகமாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. வங்கி தரும் கொட்டேஷன் ஐந்து வேலை நாட்களுக்குச் செல்லும், அதனால் "இப்போதே கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வட்டி ஏறிவிடும்" என்பது வெறும் பயமுறுத்தல். கடன் தொடங்கும் கட்டணத்துக்கும் மாதச் சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, மாதத்துக்கு வாட் சேர்த்து 69 ராண்ட். தவணைக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், அபராதம் இல்லை. ஆனால் 2.5 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடனை ஒரேயடியாக முடித்தால் மூன்று மாத வட்டி வரை கேட்கலாம். மூன்று மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை.

அண்ணா, நான் வொர்க் விசாவில் இருக்கிறேன். எனக்குக் கடன் தருவார்களா?

தருவார்கள் தம்பி, ஆனால் உங்கள் விசா முடியும் தேதிக்குள் கடன் முடிய வேண்டும் என்று பெரும்பாலான வங்கிகள் சொல்லும். விசாவில் மூன்று வருடம் மிச்சம் என்றால் 72 மாதக் கடனை மறந்துவிடுங்கள், தவணை கூடும். முன்பணமும் கூடுதலாகக் கேட்கலாம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், முகவரிச் சான்று, பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிப் போனில் வைத்திருங்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் யார் காகிதம் முதலில் முழுமையாக வருகிறதோ அவருக்குத்தான் அந்த வண்டி.

பலர் கோட்டைவிடும் இன்னொரு விஷயம் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர். தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர் பெயரில் வண்டியைப் பதிவு செய்ய இது கட்டாயம். லைசென்ஸ் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கையில் கிடைக்க நாளாகும். வண்டியைத் தேர்வு செய்த பிறகு இதைத் தொடங்கினால் வண்டி ஷோரூமில் நிற்கும், நீங்கள் அலுவலக வரிசையில் நிற்பீர்கள். ஆகவே வண்டி பார்க்கப் போவதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். ஊர் டிரைவிங் லைசென்ஸை வைத்து ஓட்டுவதாக இருந்தால், அதை ஏற்றுக்கொள்கிறோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். போலீஸ் விட்டாலும் கிளெய்ம் நேரத்தில் இவர்கள் விட மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும்?

வண்டியைவிட நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், ராத்திரி எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடனில் எடுத்தால் முழுக் காப்பீடு இல்லாமல் வங்கி வண்டியை வெளியே விடாது, அதனால் மாடலை முடிவு செய்யும் முன்பே இரண்டு மூன்று வண்டிகளுக்கு விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருடர்களுக்குப் பிடித்த மாடல் என்றால் பிரீமியமும் கூடும், ட்ராக்கர் கட்டாயம் என்றும் சொல்வார்கள், அதற்கும் மாதச் சந்தா இருக்கிறது. டீலர் மேசையில் கிடைக்கும் இன்சூரன்ஸையே எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஆச்சரியம் தரும் ஒன்று: இங்கே தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிற சட்டமே கிடையாது. பெட்ரோல் விலையில் பிடிக்கும் வரியில் ஓடும் ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் ஆட்களுக்குப் பட்ட காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான். உங்கள் வண்டியை ஒருவர் இடித்து நசுக்கினால், அவரிடம் காப்பீடும் இல்லை பணமும் இல்லை என்றால், உங்கள் பாலிசிதான் காப்பாற்ற வேண்டும். கலவரச் சேதத்துக்கு சாஸ்ரியா என்கிற அரசு நிறுவனத்தின் காப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் குவாசுலு-நட்டாலில் என்ன நடந்தது என்று டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஜோபர்க்கில் ஓட்ட டர்போ அவசியமா?

அவசியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் வாங்கினால் டர்போதான். ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்தது, டர்போ இல்லாத இன்ஜின் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1% பலத்தை இழக்கும். அதாவது டர்பனில் 77 கிலோவாட் தரும் 1.5 லிட்டர் இன்ஜின், மிட்ராண்டில் 64-க்குப் பக்கத்தில்தான் தரும். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். அதனால்தான் டர்பன் அக்கா வீட்டு வண்டி "சும்மா பறக்கிறது", அதே வண்டியை எடுத்த ஜோபர்க் தம்பிக்கு "இழுவையே இல்லை". இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

நகரத்துக்குள் பள்ளிக்கூடம், ஆபீஸ், கடை மட்டும் என்றால் டர்போ இல்லாத சுஸூகி இன்ஜின் போதும், பெட்ரோல் செலவும் குறைவு. அடிக்கடி குடும்பத்தோடு என்3 நெடுஞ்சாலையில் டர்பன் போய்வருபவர் என்றால் திரும்பி வரும்போது வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு யோசிப்பீர்கள். டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வராதீர்கள். வீட்டு ஆட்களை ஏற்றுங்கள், ஏசியைப் போடுங்கள், ஒரு மேட்டில் ஏற்றுங்கள். டர்பனில் பைன்டவுனிலிருந்து ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில், ஜோபர்க்கில் நார்த்கிளிஃப் மேடு, இரண்டும் எந்த விற்பனையாளரின் பேச்சையும்விட நேர்மையானவை. அப்பா அம்மா வந்து தங்குவார்கள் என்றால் பின் சீட்டில் ஏறி இறங்கும் உயரத்தையும் பின்பக்க ஏசி வழியையும் அப்போதே பாருங்கள்.

ஒரகடத்தில் செய்த வண்டிதானே, ஊரிலேயே ஓட்டிப் பார்த்தவன் நான். இங்கே என்ன புதிதாகப் பார்ப்பது?

மேக்னைட்டும் கைகரும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில்தான் தயாராகின்றன என்பது சரி. ஆனால் கப்பல் ஏறும்போது சாமான்கள் மாறும். அங்கே ஆறு ஏர்பேக் இருக்கும் மாடல் இங்கே இரண்டோடு வரலாம், மாறியும் நடக்கலாம். ஊர் யூடியூப் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், நீங்கள் வாங்கும் அதே ட்ரிம்முக்கான தென்னாப்பிரிக்க விவரத்தாளைக் கேட்டு, எத்தனை ஏர்பேக், ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் பிடிக்கும் அமைப்பு) இருக்கிறதா, ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை மாட்டும் கொக்கி) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2017 முதல் தென்னாப்பிரிக்க ஆட்டோமொபைல் அசோசியேஷனோடு சேர்ந்து ஆப்பிரிக்கச் சந்தைக்கான வண்டிகளை மோதிப் பார்க்கிறது, முடிவுகள் இணையத்தில் இலவசம். அந்தத் திட்டத்தில் முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது நம்மூர் மஹிந்திராவின் எக்ஸ்யூவி 300, 3எக்ஸ்ஓவின் முந்தைய வடிவம். என்னைக் கேட்டால் ஈஎஸ்சி இல்லாத வண்டியை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் எடுக்காதீர்கள்.

ஊர் விலையோடு இங்கத்திய விலையை ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். இறக்குமதித் தீர்வை பொதுவாக 25%, அதற்கு மேல் விலைக்கேற்ப ஒரு கலால் வரி, புகை அளவுக்கு ஒரு வரி, எல்லாவற்றுக்கும் மேல் 15% வாட்.

சீன வண்டிகளை நம்பலாமா?

இந்தக் கேள்வியை இப்போது யாரும் கிசுகிசுப்பாகக் கேட்பதில்லை, டிகோ 4 ப்ரோவும் ஜோலியனும் எல்லாத் தெருவிலும் நிற்கின்றன. அதே காசுக்கு வசதிகள் அதிகம், சரக்கும் கையில் கிடைக்கும். செரி முதல் உரிமையாளருக்கு இன்ஜின் மேல் 10 வருடம் அல்லது 10 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. ஆனால் சர்வீஸை நேரத்துக்குச் செய்யவில்லை என்றால் அது காகிதம்தான், இரண்டாவது உரிமையாளருக்குப் போகாது என்பதையும் விற்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும் வண்டிகள் இவற்றில் உண்டு. பாகங்கள் பற்றி டீலரிடம் கேட்காதீர்கள், உங்கள் பேட்டையில் இடிபட்ட வண்டிகளைச் சரிசெய்யும் பேனல் பீட்டரிடம் போய் "இந்த வண்டிக்கு முன் பம்பரும் ஹெட்லைட்டும் வர எத்தனை நாள் ஆகிறது?" என்று கேளுங்கள். நேரான பதில் கிடைக்கும்.

சர்வீஸ் பிளான் வண்டியோடு கட்டாயம் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. போட்டி ஆணையத்தின் விதிமுறை 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டி விலையையும் சர்வீஸ் பிளான் விலையையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். வாரண்டி காலத்தில் வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்ததற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. ஆனால் அவர் செய்த தவறால் ஏதாவது கெட்டால் அது உங்கள் தலையில். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் பிளான் இல்லாமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வீஸ் பிளானில் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் பிளக்கும்தான், பிரேக் பேட் தேய்ந்தால் உங்கள் காசு. அதையும் சேர்த்துப் பார்ப்பது மெயின்டனன்ஸ் பிளான். இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்கிவிட்டுப் பிறகு சண்டை போடுபவர்கள் ஏராளம்.

புக் செய்ய முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டலாம், மூன்று விஷயம் எழுத்தில் இருந்தால்: எந்த வண்டி (மாடல், ட்ரிம், நிறம், முடிந்தால் வின் எண், அதாவது வண்டியின் தனி அடையாள எண்), எந்தத் தேதிக்குள், ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும். நுகர்வோர் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி முன்பதிவை நீங்கள் ரத்து செய்யலாம், அவர்கள் நியாயமான ஒரு கட்டணம் மட்டும் பிடிக்கலாம், உங்களுக்காகவே தனியாக வரவழைத்த பொருளுக்கு மட்டும் இது பொருந்தாது. "விலை டெலிவரி நாளன்று இருப்பதுதான்" என்கிற வரி படிவத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். ராண்ட் சரிந்தால் அந்த ஒரு வரி உங்கள் பையில் கை வைக்கும். பணத்தை எப்போதும் டீலரின் கம்பெனிக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும், கணக்கு எண்ணைப் போனில் பேசி உறுதி செய்த பிறகு. ஈமெயிலில் வரும் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" வகையறாவில் பணம் போனால் போனதுதான்.

டெமோ வண்டி எப்படி?

ஷோரூம் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருந்த வண்டிதான் டெமோ, தட்டுப்பாட்டு நேரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழி. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், உடனே கிடைக்கும், விலையிலும் இறங்குவார்கள். வாரண்டியும் சர்வீஸ் பிளானும் முதல் பதிவுத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். டிசம்பர் கடைசியில் வாங்குவதாக இருந்தால் ஒன்று: இங்கே பதிவான வருடம்தான் வண்டியின் வயது, டிசம்பர் 30-இல் பதிவு செய்தால் இரண்டு நாளில் அது "போன வருடத்து வண்டி". அதற்கேற்ற தள்ளுபடி தந்தால் எடுங்கள், இல்லையென்றால் ஜனவரியில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதிது எடுக்கிறவர்கள், புது டீலர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதற்கு முன் வேறு இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். சரக்கு குறைந்த சந்தையில் உங்கள் பழைய வண்டிக்கும் அதே கிராக்கி உண்டு, அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒருவர் ஜப்பான் வண்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறாரே?

வேண்டாம். டர்பன் துறைமுகம் வழியாகப் பக்கத்து நாடுகளுக்குப் போகும் பழைய வண்டிகள் அவை. இந்த நாட்டில் சட்டப்படி உங்கள் பெயரில் பதிவாகாது, இன்சூரன்ஸ் கிடைக்காது, போலீஸ் பிடித்தால் வண்டியும் போகும்.

டெலிவரி எடுக்கும் நாளில் என்ன பார்க்க வேண்டும்?

பகல் வெளிச்சத்தில் போங்கள். ஹவுட்டெங்கில் (ஜோபர்க், பிரிட்டோரியா இருக்கும் மாகாணம்) என்றால் முதலில் கூரையையும் பானெட்டையும் சாய்வாகக் குனிந்து பாருங்கள், கோடைக்கால மாலை ஆலங்கட்டி மழையில் நனைந்து நின்ற வண்டியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் அந்தக் கோணத்தில்தான் தெரியும். வின் எண் காகிதத்தோடு பொருந்துகிறதா, இரண்டாவது சாவி இருக்கிறதா, டயரின் நாலு இலக்க எண் அது தயாரானது எந்த வாரம் எந்த வருடம் என்கிறது, ஸ்பேர் வீல் முழு அளவா அல்லது மெல்லிய தற்காலிகச் சக்கரமா. நம் சாலைக் குழிகளுக்கு முழு அளவுச் சக்கரம் கிடைக்கும் மாடலே மேல். குறை இருந்தால் சாவி வாங்கும் முன் டெலிவரிப் படிவத்தில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு பழுது வந்தால், முதல் ஆறு மாதத்துக்குச் சட்டம் உங்கள் பக்கம்: குறையுள்ள பொருளுக்குப் பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் திரும்ப என்று மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். டீலரிடம் எழுத்தில் புகார் கொடுத்துத் தீரவில்லை என்றால் மோட்டார் தொழிலுக்கான ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. "பிடிக்கவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு இது உதவாது. வாங்கியதை ரத்து செய்ய ஐந்து வேலை நாள் யோசிக்கும் அவகாசம் அவர்களாகத் தேடிவந்து விற்றதற்கு மட்டும்தான், நீங்களாக ஷோரூம் போய் வாங்கியதற்கு இல்லை.

ஷோரூமிலேயே பூஜை போடலாமா?

முன்கூட்டிச் சொன்னால் மாலையும் பொட்டும் யாரும் தடுப்பதில்லை, எலுமிச்சம்பழமும் பரவாயில்லை. டர்பனில் பல விற்பனையாளர்களே நாயுடு, பிள்ளை, கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள், அவர்களே சக்கரத்துக்கு அடியில் வைத்துத் தருவார்கள். தேங்காய் மட்டும் டைல்ஸ் மேல் வேண்டாம், அம்பிலோ கோயிலுக்கோ மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கோ ஓட்டிப் போய் உடையுங்கள். இன்சூரன்ஸ் தொடங்கிவிட்டது என்கிற ஈமெயில் வந்த பிறகு ஓட்டுங்கள்.

இதை வைத்து லெசோத்தோ மலைக்குப் போகலாமா?

தார் ரோட்டில் தாராளமாகப் போகலாம். சானி பாஸ் என்கிற மலைப்பாதை வழியாக என்றால் நாலு சக்கர இழுவை இல்லாத வண்டியை எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

93 ஆக்டேன் பெட்ரோல் போடுவதா, 95 போடுவதா?

பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். ஜோபர்க் மாதிரி கடலிலிருந்து தள்ளி உயரத்தில் இருக்கும் ஊர்களில் டர்போ இல்லாத பெரும்பாலான இன்ஜின்களுக்கு 93 போதும், 95-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண். டர்போ என்றால் கையேடு 95 கேட்டால் 95. விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும், ஏறப்போகிறது என்றால் செவ்வாய் இரவே நிரப்பிவிடுங்கள், பெட்ரோல் பங்கில் கூட்டமாக இருக்கும்.